வளையத்தின் மேல் வளையம்

என் அன்புத் துணைவிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். “ஆயில் ஒழுகுற காரை வித்துத் தொலைச்சிடுறேன்” என்று போனில் சொன்னாயே, கொஞ்சம் பொறு.

நேற்று வகுப்பில் என் பிளாஸ்க் ஒழுகியது. “சார், உங்க பை அழுவுது!” என்று பிள்ளைகள் ஒரே சிரிப்பு. பார்த்தால், மூடியில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறேன்.

இந்த மலையூர்ப் பள்ளிக்குக் கிளம்பிய அவசரத்தில் காரின் ஆயில் ஃபில்டரை மாற்றியவனும் நான்தானே? அந்த ஃபில்டரிலும் ஒரு ரப்பர் வளையம் உண்டு; அங்கேயும் இதே கதையாக இருக்கும். மெக்கானிக் தம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல். அதுவரை வண்டியை எடுக்காதே.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பிவை. பேச ஆளில்லாவிட்டால் குளிர் அதிகமாகத் தெரிகிறது.

விடுமுறைக்கு வரும்போது ஸ்டேஷனில் டாக்ஸி பிடிக்க மாட்டேன். உன் ஹாரன் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வாத்தியார்