புது நம்பரில் வந்த கடுகு

மார்ச் 4
வீடு

அன்புள்ள கடுகுக்கு,

தொண்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? பணம் வந்துவிட்டது என்று ஒரு வரி, மீதிப் பணம் பற்றி இன்னொரு வரி போட்டாய். அதன்பின் உன் புது நம்பரிலிருந்து சத்தமே இல்லை. டாக்டர் பேசத்தானே கூடாது என்றார், இரண்டு எழுத்துத் தட்டலாமே. சாவி அராவும்போதெல்லாம் ஒரு கண் போன் மேலேயே இருக்கிறது. நேற்று ஒருவருடைய பீரோ சாவியைத் தப்பாக வெட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

மீதிப் பணத்தை ஆஸ்பத்திரி திருப்பித் தருகிறது, ரகசிய எண்ணைப் போட்டால் கணக்குக்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தாயே, அதையும் போட்டேன். வரவில்லை, இன்னும் கொஞ்சம் போய்விட்டது. ஏதோ கோளாறு போல. நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ பணம் கேட்டாய், நான் "பார்க்கலாம்" என்றேன். பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார், நீயும் போய்விட்டாய். நாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் அனுப்பினேன். அதுவும் நீ "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்திருந்தாய். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் "பூட்டுக்காரரே" தவிர வேறு எதுவும் உன் வாயில் வந்ததில்லை. உனக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்து பார்க்கட்டுமா?

உன்
பூட்டுக்காரன்


மார்ச் 9
பெண்கள் விடுதி

பூட்டுக்காரருக்கு,

என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. புது நம்பரும் இல்லை. உங்களிடம் நான் ஒரு காசு கேட்கவில்லை. யாரோ என் படத்தை எடுத்து ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

கடிதம் கண்டதும் மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் கட் பண்ணினீர்கள். அப்புறம் எதிர்க்கடை தையல்காரரைக் கூப்பிட்டு உங்களை வங்கிக்குத் துரத்தச் சொன்னேன். அவர் பேச்சை நம்பினீர்களோ இல்லையோ, இதோ என் கையெழுத்து. இன்னும் போகவில்லை என்றால் இப்போதே கிளம்புங்கள், அப்படியே போலீஸிலும் எழுதிக் கொடுங்கள்.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இதே மாதிரி இரண்டு பேருக்கு நடந்துவிட்டது. அவசரம் என்பான், பேச முடியாது என்பான், பணத்தை வேறு யார் பேருக்கோ போடச் சொல்வான். இதில் ஒன்று வந்தாலே கையை எடுத்துவிட வேண்டும். பணம் வாங்குகிறவன் எதற்கு ரகசிய எண் போட வேண்டும்? கொடுக்கிறவன்தானே போடுவான்! ஒரு சாவிக்கு நகல் கேட்டு வந்தாலே "வீடு உங்களுதுதானா?" என்று ஆளை அரை மணி நேரம் நிற்க வைக்கிற மனுஷன் நீங்கள்.

இப்படிக்கு
கடுகு


மார்ச் 15
வீடு

கடுகு,

தையல்காரர் வந்த அன்றே போனேன். கடைசியாகப் போன பணத்தில் கொஞ்சத்தை வங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மற்றது போனது போனதுதான் போலிருக்கிறது. புகார் கொடுத்தாயிற்று.

உன் அழைப்பைக் கட் பண்ணியதற்குக் காரணம் உண்டு. பழைய போன் திருட்டுப் போய்விட்டது, அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க என்று அந்தப் புது நம்பர் முதலிலேயே சொல்லியிருந்தது. நாலு வருஷமாக நீ கூப்பிட மாட்டாயா என்று இருந்தவன், நிஜமாகவே நீ கூப்பிட்டபோது திருடன் என்று அறுத்துவிட்டேன். என்னைப் போல ஒரு மடையன் இருப்பானா?

பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டது நீ இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை நாளில் அதைக் கேட்டது அந்தத் திருடன் ஒருவன்தான்.

இனி உன் பேரில் ஏதாவது வந்தால் நீதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பூட்டுக்காரன்


மார்ச் 22
பெண்கள் விடுதி

பூட்டுக்காரருக்கு,

அது சுலபம். நான் பணம் கேட்க மாட்டேன். ஒரு தடவை கேட்டதே போதும். கேட்டு வந்தால் அது நான் இல்லை. "உடம்பு சரியில்லை" என்று வந்தால் என் பழைய நம்பருக்கே நீங்கள் கூப்பிட்டுக் கேளுங்கள். "திரும்பி வர்றேன்" என்று வந்தால் அதையும் நம்பாதீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் ஆசை எது என்று தெரிந்தவன் அதே இடத்தில்தான் மறுபடியும் கை வைப்பான்.

இத்துடன் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறேன். பழைய பெட்டிக்கு அடியில் எங்கோ கிடந்தது, நேற்றுதான் கண்ணில் பட்டது. உங்களிடமே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கடுகு


மார்ச் 28
வீடு

அன்புள்ள கடுகுக்கு,

அந்த நம்பரைத் தடுத்துவிட்டேன். தடுப்பதற்கு முன்னால் அதில் வந்ததையெல்லாம் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உன் பேச்சு மாதிரி இல்லை. எப்படி ஏமாந்தேனோ தெரியவில்லை.

சாவி வந்தது. என் கையால் அராவிக் கொடுத்த பித்தளைச் சாவி. பெட்டிக்கடியில் நாலு வருஷம் கிடந்த பித்தளை கறுத்துப்போயிருக்கும், கடுகு. இது பளபளவென்று இருக்கிறது. தலைப்பக்கம் தேய்ந்திருக்கிறது, வளையத்தில் மற்ற சாவிகளோடு தினமும் உரசின தேய்ப்பு. போனில் வருவதைப் பார்த்து எனக்கு நிஜம் பொய் தெரியாது. சாவியைப் பார்த்தால் தெரியும்.

இத்துடன் அதைத் திருப்பி அனுப்புகிறேன். வளையத்திலேயே மாட்டி வை.

நீ சொன்னபடியே நடக்கிறேன். உன் பேரில் எந்தச் செய்தி வந்தாலும் நம்பமாட்டேன். அதனால் எப்போதாவது கிளம்பினால் சொல்லி அனுப்ப வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். பூட்டை நான் மாற்றவில்லை.

சாப்பிட்டுவிட்டேன். நீ?

பூட்டுக்காரன்