சுவருக்குப் பின்னால் தண்ணீர்

எங்கிருந்தாலும் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அன்புக்குரியவருக்கு,

மைசூரில் எல்லாம் மாறிவிட்டது. அரசாட்சி போய், மகாராஜாவை இப்போது ராஜப்பிரமுக், அதாவது மாநிலத் தலைவர், என்கிறார்கள். நம் கிணறு மட்டும் வற்றிக் கிடக்கிறது. மல்லிகைச் செடிகள் கருகி நிற்கின்றன. இன்னும் சில நாள் தண்ணீர் விடாவிட்டால் வேரும் போய்விடும். அப்புறம் நானும் நம் இரண்டு பெண்களும் எந்தப் பூவைக் கட்டி விற்போம்? நீங்களே சொல்லுங்கள்.

போன மழையில் கிணற்றின் ஒரு பக்கம் சரிந்தது. உங்கள் தம்பி அருளப்பன் கொத்தனார் அல்லவா, சும்மா இருப்பாரா? சாந்தில்லாமல் நீங்கள் அடுக்கிய கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, சுற்றிலும் சாந்து வைத்துக் கட்டி வழவழவென்று பூசிவிட்டார். பாசத்தோடுதான் செய்தார். எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதோடு ஊற்று நின்றது. அடியில் வெடி வைத்தார்கள். ஒரே கருங்கல். ஒரு விரிசலில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் இல்லை. இன்னும் ஆழமாக உடைக்கலாம் என்கிறார் அருளப்பன். ஆனால் பக்கத்துத் தோட்டத்துப் புட்டம்மாவின் கிணறு நம்முடையதைவிட ஆழம் குறைவு. அதில் எப்படித் தண்ணீர்? போய் எட்டிப் பார்த்தேன். அடியில் அல்ல, பக்கச் சுவரின் கல் இடுக்குகளில் கசிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. களிமண்ணாக இருந்தால் குடித்த தண்ணீரை விடாது. நம்முடையது செம்மண். மழை அதில் இறங்கி, கீழே கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறையில் தங்குகிறது. அதற்கும் கீழே கருங்கல்லுக்குள் போக வழியில்லாமல், மலைச்சரிவிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து கிணற்றுக்கு வருகிறது. அந்த வழியைத்தான் பூசி அடைத்துவிட்டோம்.

நேற்று நானே இறங்கினேன். மலைப் பக்கத்துச் சுவரில், வெடியில் பூச்சு விரிசல் விட்ட ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அதில் கன்னத்தை வைத்து அழுதேன். அங்கே துளை போடச் சொன்னால் அருளப்பன் மறுக்கிறார்.

"சும்னே, சும்மா இருங்க அண்ணி. அங்கதான் செத்துப்போன அண்ணன் நினைவா அவர் பேரையும் சிலுவையையும் செதுக்கியிருக்கேன். அதுமேல கடப்பாரை வெக்க எனக்குக் கை வராது" என்று அவரும் அழுகிறார்.

நான் யாரிடம் போய் முறையிடுவது? கோபித்துக்கொள்வீர்களா? விடிந்ததும் கடப்பாரையை நானே எடுக்கிறேன். உங்கள் பெயரை உடைத்தாவது உங்கள் பெண்களைக் காப்பாற்றுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பெண்களின் தாய்,
லூர்து