உறை போட்ட கொடி

என் தம்பி, என் பைத்தியக்கார விசரா,

அம்மா நேற்று ஒரு ஜெர்மன் தூதுவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டா. நீ சாரதியாக இருந்து ஏற்றித் திரிந்தாயே, அதே மனிதரைத்தான். ஹம்பேர்க்கில், எங்கள் வீட்டு வரவேற்பறையில், தேத்தண்ணியும் வடையும் கொடுத்து உபசரித்த பிறகு. நீ இருந்திருந்தால் மேசைக்குக் கீழே ஒளிந்திருப்பாய்.

அவர் உனக்கான பதக்கத்தையும், காரில் பறந்த அந்தச் சின்னக் கொடியையும் கொண்டுவந்திருந்தார். எழுந்து நின்று பேசினார். கரீபியன் கடலில் கிடக்கும் அந்த ஹெயிட்டியின் தலைநகரைத் துப்பாக்கிக் கும்பல்கள் பிடித்த நாளில், தெருவில் பிணங்கள் எரிந்துகொண்டிருக்க, நீ அவரை ஹெலிகொப்டர் நின்ற இடம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தாயாம். சந்தியை மறித்து நின்றவர்கள் கொடியைப் பார்த்து வழிவிட்டார்களாம். தூதுவரைச் சுட்டால் வெளிநாட்டுப் படை வந்து இறங்கும் என்று அவர்களுக்கும் பயம்.

பிறகு நீ தூதரகத்துச் சமையற்காரி ரோஸைக் கூட்டிவரத் திரும்பினாய். தூதுவர் உள்ளே இல்லாத காரில் கொடி பறக்கக் கூடாது என்பது விதி. அந்த நிலையிலும் தன் கண்முன்னாலேயே உறையை எடுத்துக் கொடிக்குப் போட நீ மறக்கவில்லை என்று அந்த மனிதர் பெருமையாகச் சொன்னார்.

என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டா. தமிழில் சொன்னேன். பளார்.

"கொடிய மூடாத எண்டு சொல்ல உனக்கு வாய் இல்லையோ?"

அதையும் அப்படியே ஜெர்மன் மொழியில் சொல்லிக் கொடுத்தேன்.

வழிவிட்ட அதே சந்தியில்தான் உன்னைச் சுட்டார்கள். குண்டு தாங்கும் கண்ணாடியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் உடையும். சத்தம் கேட்டு ஓடிவந்து உன்னை வெளியே இழுத்தவள் ரோஸ். உன் முகத்தில் பாதி இருக்கவில்லை என்று தொலைபேசியில் அழுதாள். அதை மட்டும் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

சுட்டவனின் கழுத்தை என் கையாலேயே திருக வேண்டும் போலிருக்கிறது. உன்மேலும் கோபம்தான். நான் எஸ்-பான் ரயில் ஓட்டுகிறவள், ஆளில்லாத தண்டவாளத்திலும் சிவப்பு விளக்கென்றால் நிற்பேன். உனக்கும் அதே புத்தி. ஆனாலும் அந்த ஒருநாள் விதியை மீறியிருக்கக் கூடாதா? யாருடைய தலை போயிருக்கும்?

அறை வாங்கியவர் எழும்பிப் போகவில்லை. அம்மா பதக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "என்ர பிள்ளை கூட்டிவரப் போன பெட்டை எங்க?" என்று கேட்டா. இன்னும் அங்கேதான் ஒளிந்திருக்கிறாள், விசா கிடைக்கவில்லை என்று தலைகுனிந்து சொன்னார்.

"அப்ப நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"



இன்று காலை அவரே அழைத்தார். ரோஸுக்குத் தானே பொறுப்பு நிற்கிறாராம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திக்க டெர்மினும் எடுத்துவிட்டாராம். நானும் கூடவே போகிறேன். பின்வாங்கினால் அவருக்கு மற்றக் கன்னமும் இருக்கிறது.

ரோஸ் பிராங்பேர்ட்டில் வந்து இறங்கும் நாளில் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு விமான நிலைய வாசலில் நிற்பேன். இது சத்தியம். தூதுவர் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உறை போடமாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா