ஈரக்கால்

செப்டம்பர் 3, செவ்வாய்

கோபத்தில் எழுதினால் என் எழுத்து கோணிக்கொண்டு போகும். போகட்டும், யார் படிக்கப் போகிறார்கள்?

பதினொரு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வேலை செய்கிறேன். அறுவைக் கூடத்துக் கத்தியும் கத்தரிக்கோலும் இடுக்கியும் ஒரு பக்கத்து ஜன்னல் வழியாக அழுக்காக வரும். நாங்கள் கழுவி, துணியில் பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றி, மறுபக்கம் சுத்தமாக அனுப்புவோம். இயந்திரம் ஒரு சுற்று முடிக்க முக்கால் மணி நேரம். அதில் பத்து நிமிடம் எனக்கு. சுத்தப் பக்கத்தில் இருக்கும் கை கழுவும் தொட்டியில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, துணி அலமாரிகளுக்கு நடுவே பாயை விரித்து நண்பகல் லுஹர் தொழுவேன். பிற்பகல் அசருக்கும் அப்படித்தான். அதுவரை இயந்திரத்தை என் தோழி பார்த்துக்கொள்வாள். எந்த டீயையும் பாதிக்கு மேல் குடிக்கமாட்டாள் என்பதால் அவளுக்கு அரை டீ என்று பெயர். பதினொரு வருடம் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

போன மாதம் புது மேற்பார்வையாளர் வந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. நடையும் நேர், பேச்சும் நேர் என்பதால் அளவுகோல் என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்று தொழுது முடித்து எழுந்தால், அலமாரி முனையில் நிற்கிறாள். பேனாவால் தரையைக் காட்டினாள்.

"இது யார் கால்?"

தொட்டியிலிருந்து பாய் வரை ஈரக்கால் தடம். பாயில் நிற்பவள் நான். தெரிந்துகொண்டே கேட்கிறாள். என்னுடையது என்றேன். அடுத்துத் தொட்டியருகே நின்ற வண்டியைக் காட்டினாள். நான் காலைத் தூக்கிக் கழுவியபோது தெறித்த தண்ணீரில் கீழ்த்தட்டுப் பொட்டலங்களின் துணி நனைந்திருந்தது. அத்தனையையும் பிரித்து, மறுபடி கழுவி, மறுபடி கட்டச் சொன்னாள். இனிமேல் சுத்தப் பக்கத்தில் யாரும் கால் கழுவக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

யாரும் என்றால் யார்? அங்கே கால் கழுவுகிறவள் நான் ஒருத்திதானே. என்னைச் சொல்ல என்ன தயக்கம் அவளுக்கு?

செப்டம்பர் 4, புதன்

தொழாமல் விட்டுவிடுவேன் என்று நினைத்தாளா?

அங்கி, தொப்பி, செருப்பு எல்லாம் கழற்றி, லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே பார்வையாளர்கள் கழிப்பறைக்குப் போனேன். அங்கே வரிசை. நான் காலைத் தூக்கித் தொட்டியில் வைத்ததும் ஒருத்தி தன் குழந்தையை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள். காலைத்தான் கழுவுகிறேன் அம்மா, கடிக்கமாட்டேன். திரும்பி வந்து மாற்றிக்கொண்டு, தொழுது முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இயந்திரம் சுற்றை முடித்துக் கத்திக்கொண்டிருந்தது. அரை டீ இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். அளவுகோல் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

வீட்டில் இவரிடம் சொல்லி அழுதேன். மின்விசிறியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஊரார் வீட்டு மின்சாரம் எல்லாம் பார்த்துவிட்டு வந்து இப்போதுதான் எங்கள் விசிறிக்கு முறை வந்திருக்கிறது. தலையைத் தூக்காமலே, "வீட்டுக்கு வந்து சேத்துத் தொழுதுக்கயேன். உன் கஷ்டம் அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றார்.

வெள்ளிக்கு வெள்ளி மட்டும் தொப்பியைத் தேடுகிறவர் எனக்கு மார்க்கம் சொல்ல வேண்டாம் என்றேன். எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்ற இவருக்குச் சொல்லியா தர வேண்டும்? கையில் வேறு எண்ணெய்க் குப்பி.

செப்டம்பர் 5, வியாழன்

மெமோ வந்துவிட்டது. பதினொரு வருடத்தில் முதல் மெமோ. திங்கட்கிழமை நேரில் விளக்கம் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். நன்றாகவே சொல்கிறேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்றும் மேலே போய்த்தான் ஒளு செய்தேன். லுஹர், அசர் இரண்டு வக்தும் தவறவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அளவுகோலின் அறைக் கதவைத் தாண்டி நடந்தேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அரை டீ பார்த்துக்கொண்டே இருந்தவள் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அக்கா, நீ சாமி கும்பிடப் போறியா, சண்டைக்குப் போறியா?"

நீயுமா என்றேன். எனக்காக இயந்திரத்தைப் பார்க்கிறவள் என்பதால் அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும்போதும் மனசுக்குள் திங்கட்கிழமை வசனங்களைத்தான் ஒத்திகை பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

விடுமுறை. எழுந்தபோது எட்டரை.

சாப்பாட்டு நேரத்தில் நாளைய விளக்கக் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். பதிமூன்று வயது, அவள் தமிழ் என் தமிழை விட நன்றாக இருக்கும். 'ஐவேளைத் தொழுகை என் உயிர்மூச்சு' என்று முதல் வரி. பேனாவால் அந்த இடத்தைத் தொட்டாள்.

"உம்மா, இது ஐவேளையா, நாலா?"

என்னடி என்றேன்.

"சுபுஹுக்கு நீங்க எந்திரிச்சு நான் பாத்ததே இல்ல. அங்க அந்த மேடம் தடுக்கிறாங்க, சரி. இங்க யாரு தடுத்தா?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பெரியவர்களிடம் பேசும் பேச்சா இது, நாள் முழுக்க நின்று காலொடிந்து வருகிறவள் நான், நீயா வந்து நிற்கிறாய் அங்கே – இன்னும் என்னென்னவோ. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

அவள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு கத்தினேன். வாப்பா எங்களை விட்டு மௌத்தான வருடம் தவறாமல் விடியுமுன் எழுந்தேன். அப்புறம் ஒரு நாள் விட்டேன், ஒரு வாரம் விட்டேன். இப்போது அலாரம் வைப்பதுகூட இல்லை. ஆறு வருடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, உயிர்மூச்சு என்று கடிதம் எழுதுகிறேன்.

'ஐவேளை' என்பதை அடித்துவிட்டு 'தொழுகை' என்று மட்டும் எழுதினேன். சீ.

செப்டம்பர் 9, திங்கள்

கடிதத்தை அளவுகோல் படிக்கவே இல்லை. மேசை ஓரமாக வைத்தாள்.

"நனஞ்ச பொட்டலத்த என்ன பண்ணணும்னு புதுசா வர்றவங்களுக்கு யாரு சொல்லித் தர்றது?" என்று கேட்டாள்.

நான்தான். முதல் நாள் முதல் பாடமே அதுதான்: ஈரம் பட்ட துணி வழியாகக் கிருமி ஏறும், பார்க்க எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் அது அழுக்குதான், யோசிக்காமல் பிரி. அதைச் சொல்லிக்கொடுத்த வாயால் ஒத்திகை பார்த்த வசனத்தை எப்படிச் சொல்ல? அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"நீங்க தொழறதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணிதான் எனக்குப் பயம். கால நனைக்காம வேற வழி ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

இருக்கிறது. எனக்குத் தெரியும். வாப்பா குளிர்காலத்தில் தோல் காலுறை போட்டிருப்பார். ஒளு செய்யும்போது கழற்றமாட்டார், ஈரக்கையால் மேலே ஒருமுறை தடவுவார், அவ்வளவுதான். தெரிந்தே இல்லை என்றேன். இருக்கிறது என்று சொன்னால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே. தொழுகைக்கு வழி கேட்கிறாள் ஒருத்தி, தொழுகிற நான் பொய் சொல்லிவிட்டு வருகிறேன். என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவிக்குப் போன் செய்தேன். பெண்களுக்கு மார்க்கச் சந்தேகம் தீர்ப்பவர். தோல் காலுறை தாராளமாகப் போடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: போடும்போது முழு ஒளு இருக்க வேண்டும், கால் கழுவியிருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பகல், ஓர் இரவுக்குத் தடவினால் போதும்.

"உங்களுக்கென்னம்மா, சுபுஹுக்கு ஒளு செஞ்ச கையோட மாட்டிக்கிட்டீங்கன்னா அன்னைக்குப் பூரா கவலை விட்டுச்சு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

செப்டம்பர் 11, புதன்

அளவுகோலிடம் போய், வழி இருக்கிறது, திங்கட்கிழமை மறந்துவிட்டேன் என்றேன். மறதிக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாதவள் அல்ல. ஆனாலும் விட்டுவிட்டாள். கை, முகம், தலைக்கு மட்டும் தண்ணீர், வண்டிகள் தள்ளி நிற்க வேண்டும், மூலைச் சாமான் அறையில் பத்து நிமிடம். மெமோவை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

இவரிடம் தோல் காலுறை வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் வாங்கி வந்தார். அளவும் கேட்கவில்லை. போட்டு நடந்தால் யானைக் கால்.

செப்டம்பர் 12, வியாழன்

காலை ஏழு மணிக்கு, வெயில் ஜன்னலில் விழுந்த பிறகு, ஒளு செய்து மாட்டிக்கொண்டு போனேன்.

லுஹர் தொழுதேன். தரை காய்ந்து கிடந்தது. கதவுக்கு வெளியே யாரும் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லாமல் நிம்மதியாகத் தொழலாம். தொழுகையோ சப்பென்று இருந்தது. எந்த ரக்அத்தில் நிற்கிறேன் என்றே மறந்து போனது. எதிரே அளவுகோல் இல்லை என்றால் எனக்குத் தொழவே வரவில்லையா? இத்தனை நாளும் யாரைப் பார்த்து நின்றேன்?

சுபுஹைத் தாண்டிக் குதித்துவிட்டு லுஹருக்காகக் கழுவிய கால். அதற்குத் தோலில் உறை வேறு.

செப்டம்பர் 13, வெள்ளி

அலாரம் வைத்தேன். அடித்தது. அணைத்த கை என்னுடையது. இதற்கு யாருக்கு மெமோ கொடுப்பது?

செப்டம்பர் 14, சனி

அலாரத்தைச் சமையலறையில் வைத்தேன். நடந்து போய் அணைத்துவிட்டு நடந்து வந்து படுத்தேன். படுத்த பிறகு விழித்துக்கொண்டுதான் இருந்தேன், விடியும் வரை. போர்வைக்குள் என்ன அப்படி இருக்கிறது? ஒரு வெங்காயமும் இல்லை.

செப்டம்பர் 18, புதன்

மூன்று நாளாக விலக்கு. பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள். எழவில்லையே என்ற குத்தல் இல்லாமல் தூங்கினேன். அந்த நிம்மதி மேலும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

அதைவிட, லிஃப்ட்காரர் நிற்கும்போது அளவுகோல் கேட்கிறாள்: "ரெண்டு நாளா அந்த ரூமுக்கு நீங்க போகவே இல்லையே. வேணாமா?" அவ்வளவு சண்டை போட்டு வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்ற கேள்வி. "இந்த வாரம் வேணாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஒரு நொடி விழித்தாள். பிறகு அவசரமாகத் தன் பேனாவைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளும் பெண்தானே. அவள் மேல் கோபத்தைத் தக்கவைப்பது வரவரக் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

குளித்துவிட்டேன். நாளையிலிருந்து சாக்கு இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

அலாரம் அடித்ததையே கேட்கவில்லை. தாகத்தில் விழித்தேன். தண்ணீர் எடுக்க இருட்டில் போனபோது காலில் ஈரம். விளக்கைப் போட்டேன். குளியலறை வாசலிலிருந்து கூடத்து மூலை வரை ஈரக்கால் தடம். சின்னக் கால்.

என் பாயில் மகள் இருந்தாள். தொழுகை முடிவில் சலாம் கொடுக்கத் திரும்பியவள் என்னைப் பார்த்து, திருடும்போது பிடிபட்டவள் போல் விழித்தாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். முழுப் பரீட்சை சமயத்திலிருந்து என்றாள். அப்படியானால் ஆறு மாதம். அடுத்த அறையில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஆறு மாதம்.

"ஏன் என்ன எழுப்பல?"

"மொத நாள் எழுப்பினேம்மா. வேலைக்குப் போறவள தூங்க விடமாட்டியான்னு கத்தினீங்க. காலைல உங்களுக்கு ஞாபகமே இல்ல."

கோபம் வந்தது. மூக்கு நுனி வரை வந்து, போக இடம் இல்லாமல் நின்றது. அவள் மேல் காட்ட முடியாது. இவர் மேல் காட்டலாம் என்றால் அவர் தூங்குகிறார். அளவுகோலும் இங்கே இல்லை. இந்த வீட்டில் சுபுஹைத் தடுத்தவள் நான் மட்டும்தான். எனக்கும் தடுத்தேன், பிள்ளைக்கும் தடுக்கப் பார்த்தேன்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா" என்றாள் அவள், பாயை விட்டு நகர்ந்துகொண்டே.

அழுதுகொண்டே கால் கழுவினேன். இரண்டு ரக்அத். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 25, புதன்

அவள் எழுப்பினாள். கத்தவில்லை. கத்த வாய் திறந்தது உண்மை.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று தவறிவிட்டது. இருவருமே. ஒருவரை ஒருவர் நம்பிப் படுத்துவிட்டோம். நாள் முழுக்கக் கடுகடுவென்று இருந்தேன். என்னக்கா, மறுபடி சண்டையா என்றாள் அரை டீ. ஆமாம், ஆனால் அளவுகோலுடன் இல்லை என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

இருட்டு பிரியவில்லை. குளியலறைக்குப் போன இவர் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். விளக்கைப் போட்டுத் தரையைப் பார்த்தார். பெரிய கால் ஒரு ஜோடி, சின்னக் கால் ஒரு ஜோடி.

"யாரு கால் இது?" என்றார் தூக்கக் கலக்கத்தில்.

நானும் மகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டினோம். முணுமுணுத்துக்கொண்டே துடைக்கத் துணி எடுக்கப் போனார்.

"விடுங்க. இங்க நனைக்கலாம்" என்றேன்.

காலைத் துடைத்துக்கொண்டு தோலுறையை மாட்டினேன். வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.