ஒரு சொல்லுக்கு நாற்பத்திரண்டு சென்ட்

1999 ஜூன் 14, திங்கள்

மம்சாபுரம் விலக்கில் பஸ் டயர் மாற்ற நின்றுவிட்டது. ராஜபாளையம் போய் ஆபீசுக்குள் நுழையும்போது ஒன்பதே முக்கால். முதலாளி சோலைராஜ் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்தியது.

பேண்டேஜ் துணி நெய்கிற இருபத்து நான்கு தறியில் இன்று பன்னிரண்டுதான் ஓடியது. மதுரை ஏஜென்ட் மூன்று மாதமாக ஆர்டர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டாவது ஷிப்ட் கிடையாது என்று முதலாளி நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். நான்தான் டைப் அடித்தேன். "தொழிலாளர்கள் ஒத்துழைக்குமாறு" என்ற இடத்தில் இரண்டு தடவை தப்பு விழுந்தது.

சாயங்காலம் கூப்பிட்டு ஒரு ஃபேக்ஸ் தாளை நீட்டினார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மச்சினர் ஐயாதுரை அனுப்பியது. இன்டர்நெட்டில் தேடித் தருகிற ஒரு இடம் இருக்கிறதாம். யாராவது ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் அதற்குக் கீழே நம் பெயர் வரும். வருவதற்குக் காசு இல்லை. பார்த்தவன் நம் பெயரை அமுக்கினால்தான் காசு. ஐயாதுரை தன் கார்டில் ஐம்பது டாலர் கட்டி, நமக்கென்று ஒரு பக்கமும் போட்டுவிட்டார்.

"ஏம்மா பரிபூரணம், நீதான் இங்கிலீஷ் படிச்சவ. இத நீயே பாத்துக்கோ" என்றார். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "இதுவும் சரிப்படலேன்னா ஆபீசுக்கு ஒரு ஆளு போதும்" என்றார். ஆபீசில் இருப்பது கணக்கர் கண்ணுச்சாமி அண்ணனும் நானும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, புதன்

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தங்கபாய் அக்கா எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறாள். போன மாதம் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாள். மதுரைக்கு லைன் போட்டால் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு இன்டர்நெட் வருகிறது. மணிக்கு எண்பது ரூபாய். நான்கு தடவை அறுந்து ஐந்தாவது தடவை நின்றது.

'பேண்டேஜ்' என்று அடித்தேன். வரிசையாகப் பெயர்கள். முதல் பெயர் நம்முடையது. எழுந்து நின்றுவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சின்ன எழுத்தில் அவர் கொடுக்கிற விலையும் இருக்கிறது. நமக்கு 42 சென்ட். அடுத்தவர் 41. அதற்கடுத்தவர் 38. விலையை ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

யார் இந்த விலையை வைத்தது? அந்த இடத்துக்காரன் இல்லை. ஒரு சென்ட்டுக்கு மேல் யார் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு. கமிஷன் கடையில் மாங்காய்க் கூடையைச் சுற்றி நின்று கேட்கிற மாதிரிதான். கூடைக்குப் பதில் ஒரு சொல். ஆனால் ஒரு சொல் ஏன் 42, இன்னொரு சொல் ஏன் 15? ஐயாதுரை நமக்கு எடுத்த இரண்டாவது சொல் 'டிரெஸ்ஸிங்'. புண்ணுக்குக் கட்டுப் போடுவது. அதற்குப் பதினைந்துதான்.

ஜூன் 17, வியாழன்

பூத்துக்கு முதலாளியே காரில் வந்துவிட்டார். கூட மில்காரர்கள் ஆறேழு பேர். "எங்க, நம்ம பேரத் தட்டு, பாப்பம்." தட்டினேன். கோபுரம் படம், மாலை போட்ட முதலாளி படம். இன்னொருத்தர் வந்தார். திரும்பத் தட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜூன் 19, சனி

ஐம்பது டாலரும் தீர்ந்துவிட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஜூன் 21, திங்கள்

இன்டர்நெட் வழியாக வந்த கடிதங்கள் மூன்று. ஒரு அம்மாள் பச்சைக்காய்கறிக்கு ஊற்றுகிற புளிப்புக் குழம்பு நம்மிடம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் அந்த ஊரில் 'டிரெஸ்ஸிங்' என்றுதான் பெயராம். ஒருத்தி பொம்மைக்குச் சட்டை கேட்கிறாள். ஒரு பள்ளிக்கூட நர்ஸ் ஒரே ஒரு பெட்டி வேண்டும் என்கிறாள்.

முதலாளி மூன்றையும் வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

ஜூன் 23, புதன்

ஐயாதுரையிடம் யார் யார் நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று கேட்டிருந்தேன். பட்டியல் வந்தது. 'பேண்டேஜ்' வழியாக வந்தவர்கள் தொண்ணூறு பேர். அதில் இருபத்து மூன்று பேர் மதுரை லைனில் வந்தவர்கள்.

மதுரை லைன் என்றால் நான். தங்கபாய் அக்கா கம்ப்யூட்டர். ஒவ்வொரு தட்டுக்கும் நாற்பத்திரண்டு சென்ட், பதினெட்டு ரூபாய். நம் காசை நாமே தின்றிருக்கிறோம். நானூறு ரூபாய். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? கண் இருந்தும்—

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். சொன்னேன். முதலாளி தலையைச் சொறிந்தார். "அம்புட்டையும் தட்டச் சொன்னது நாந்தானம்மா" என்றார். பிறகு, "இன்னொரு அம்பது டாலர் போடச் சொல்றேன். இந்தத் தடவ நின்னு யோசிச்சுச் செய்யி."

ஜூன் 29, செவ்வாய்

நின்று யோசிக்கிறேன். பஸ்ஸிலும் யோசிக்கிறேன். தெரிந்ததை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

பொதுவான சொல் என்றால் எல்லாரும் கேட்பார்கள், விலை ஏறும். ஏறினாலும் வருகிறவன் நமக்கானவன் இல்லை. பெரிய கம்பெனிக்காரன் 41 கொடுக்கிறான் என்றால் அவனுக்குக் கட்டுபடியாகிறது. ஒரு ஆள் வாங்கினால் அவனுக்கு எவ்வளவு மிஞ்சுமோ, அதுதான் அவன் கேட்கிற விலைக்கு எல்லை. நமக்கு அந்த எல்லை தெரியாது. தெரியாமலே ஏறி நின்றோம்.

இன்னொன்றும் பார்த்தேன். நாம் நெய்கிற மெல்லிய துணிக்கு இங்கிலீஷில் 'காஸ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு முதலில் இருப்பவர் 30. அடுத்தவர் 9. முப்பது கொடுக்கிறவர் பத்துக் கொடுத்தாலே முதலில் நிற்கலாமே? கேட்ட விலையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இருபது சென்ட் சும்மா போகிறது. கீழே இருப்பவனைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக் கேட்டால் இப்படித்தான்.

நீளமான சொல்லாகப் போட்டேன். 'பருத்தி காஸ் சுருள் மொத்தமாக'. ஒரு சென்ட். போட்டி இல்லை. ஆனால் தேடுகிறவனும் இல்லை. ஐந்து நாளாக ஒருத்தனும் வரவில்லை.

மலிவாகவும் இருக்க வேண்டும், ஆளும் வர வேண்டும். அது எந்தச் சொல்?

ஜூலை 1, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது தறி ஓட்டுகிற கருத்தம்மாவிடம் சும்மா கேட்டேன், இந்தத் துணியை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று.

"எதுக்கா? எங்க மாட்டுக்குக் காலு பெசகுனா கழிவுத் துணியத்தான் சுத்துவோம். மனுசருக்கு மட்டுந்தானா கட்டு?"

கையைக் கழுவாமல் எழுதி வைத்தேன்.

ஜூலை 2, வெள்ளி

மாட்டுக்கட்டு என்று தேடினேன், ஒன்றும் இல்லை. நாய்க்குக் கொஞ்சம் இருக்கிறது. குதிரைக்கு இருக்கிறது. அந்த ஊரில் குதிரையின் காலில் துணி சுற்றித்தான் ஓட்டப் பழக்குகிறார்களாம். 'ஹார்ஸ் லெக் ராப்' என்று அடித்ததும் மூன்றே பெயர். முதலில் கேரல் என்று ஒரு பெண் பெயரில் கடை, 4 சென்ட். மற்ற இருவர் 2, 1.

நான் 3 போட்டேன். இரண்டாவது இடம் போதும்.

ஜூலை 9, வெள்ளி

ஒரு வாரத்தில் பதினான்கு பேர். செலவு 42 சென்ட். போன மாதம் ஒரே ஒரு தட்டுக்கு அவ்வளவு.

கடிதம் இரண்டு. இரண்டுமே குதிரைக்காரர்கள். அகலம் என்ன, எத்தனை கெஜம், துவைத்தால் சுருங்குமா என்று கேட்கிறார்கள். நம் பக்கத்தில் அது எதுவுமே இல்லை. வந்தவன் கோபுரத்தையும் முதலாளியையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். கூப்பிட்டு வந்து வாசலிலேயே நிற்க வைத்த மாதிரி. ஐயாதுரைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன்: அகலம், நீளம், எடை, குறைந்த அளவு. முதலாளி படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

ஜூலை 12, திங்கள்

முதலாளி இன்று ஒரு யோசனை சொன்னார். "மேல ஒருத்தி இருக்காள்ல? அவ பேர நாம தட்டுனா அவ காசுதான போகும்? தட்டு. அவ காசு தீந்தா நாமதான மேல."

"அது சரியில்லீங்களே."

"தறிய நிறுத்துறது மட்டும் சரியா?"

சாயங்காலம் போய்த் தட்டினேன். பன்னிரண்டு தடவை. தங்கபாய் அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி, ஒரே எடத்தத் திரும்பத் திரும்பக் குத்துத?" என்றாள். கெட்டுப்போனதா என்று பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 14, புதன்

கேரல் பெயரைக் காணோம். கட்டிய பணம் தீர்ந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். நாம் முதலில் இருக்கிறோம்.

பன்னிரண்டு தட்டுக்கு நாற்பத்தெட்டு சென்ட். அதில் ஒருத்தி பணம் தீர்ந்துவிடுமா? கடைசியில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான் என்றால்? முந்தாநாள் அவள் கடைப் பக்கத்தைத் தட்டினேனே தவிர ஒரு தடவையும் படிக்கவில்லை. இன்று விலாசத்தை நேராக அடித்துப் போய்ப் படித்தேன். அப்படிப் போனால் அவளுக்குக் காசு போகாது. வீட்டுக் கார் ஷெட்டில் இருந்து விற்கிறாள். ரப்பர் பூட்ஸ், சிரித்த முகம், பக்கத்தில் ஒரு கிழட்டுக் குதிரை. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

இவள் நெய்வதில்லை. அப்படியானால் துணி யாரிடம் வாங்குகிறாள்?

ஜூலை 17, சனி

கேரலுக்கு எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. "உங்கள் பெயரைப் பன்னிரண்டு தடவை வேண்டுமென்றே அமுக்கியது நான்தான். நாற்பத்தெட்டு சென்ட் உங்களுக்கு நஷ்டம். மன்னிக்க வேண்டும். நாங்கள் துணி நெய்கிறோம். நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள்?" கடைசி வரியை அடித்துவிட்டு எடுக்கலாமா என்று பார்த்தேன். அதற்காகத்தான் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைப்பாளோ? அதற்காகத்தானா? இரண்டுக்குமாகத்தான். எடுக்கவில்லை.

ஜூலை 20

பதில் இல்லை.

ஜூலை 24

இல்லை.

ஜூலை 27, செவ்வாய்

தேவதானத்திலிருந்து தறி விலைக்கு வாங்க ஒருவர் வந்து ஆறு தறியை அளந்து பார்த்துவிட்டுப் போனார். கருத்தம்மா தறியும் அதில் ஒன்று. அவர் டேப்பை நீட்டியபோது அவள் தறியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 29, வியாழன்

வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து பஸ்ஸில் நான்கு தடவை படித்தேன்.

முதல் பாதி கோபம். விளம்பரத்துக்கு மாதம் பத்து டாலருக்கு மேல் போடத் தன்னால் முடியாது, உன்னைப் போன்றவர்களால்தான் அது மாதப் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது என்கிறாள். பிறகு ஒரு வரி இடம் விட்டு: "ஆனால் செய்ததைச் சொன்ன முதல் ஆள் நீதான்." பிறகு: சிகாகோவில் ஒரு வியாபாரியிடம் வாங்குகிறாளாம். பெட்டி மேல் மேட் இன் இந்தியா என்று இருக்கிறதாம். ஆறு அங்குல அகலம், ஐந்து கெஜம், என்ன விலை, மாதிரி அனுப்புவாயா?

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளாக அந்த வரிசையை எதிரிகளின் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு விலை ஏற்றுகிறவர்கள் யார்? அந்தச் சாமானை விற்கிறவர்கள். விற்கிறவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வாங்கித்தான் ஆக வேண்டும். யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது வரை சின்ன எழுத்தில் போட்டு, நமக்குச் சும்மா காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 30, வெள்ளி

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியதையும் சேர்த்து.

"யாரக் கேட்டு எழுதுன?" குரலை உயர்த்தவில்லை. "கம்பெனி மானத்த வாங்கிட்டியே. நான் சொன்னேன்னு எழுதுனியா?"

"இல்லீங்க. நான் செஞ்சேன்னுதான் எழுதினேன். செஞ்சது நான்தான."

எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, திங்கள்

என் மேஜையில் முதலாளி வைத்துவிட்டுப் போன, பழுப்புத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. ஆறு அங்குலம், ஐந்து கெஜம், பன்னிரண்டு சுருள். விலாசம் எழுத மட்டும் இடம் விட்டிருந்தார்.

ஆகஸ்ட் 11, புதன்

அளந்த ஆறு தறியில் நான்கு விலைக்குப் போய்விட்டது. லாரியில் ஏற்றும்போது கருத்தம்மா வேடிக்கை பார்க்க வரவில்லை. அவள் தறி தப்பித்தது. அதைச் சொல்லப் போனேன், "போனதும் ஒரு ஆளு தறிதானக்கா" என்றாள்.

செப்டம்பர் 8, புதன்

கேரல் எழுதியிருக்கிறாள், மாதிரி சரியில்லையாம். ஓரம் பிரிகிறது, ப்ளீச்சிங் வாடை குதிரைக்கு ஆகவில்லை. முதலாளியே ப்ளீச்சிங் பட்டறைக்குப் போய் இன்னும் இரண்டு தண்ணீர் அலசச் சொல்லி நின்றார். ஓரத்துக்கு கருத்தம்மா இரண்டு இழை கூட்டிப் போட்டுக் காட்டினாள்.

அக்டோபர் 15, வெள்ளி

கேரல் ஆர்டர் போட்டுவிட்டாள். அவள் மட்டும் இல்லை, அவள் பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து. ஆறாயிரம் சுருள். வரிசையில் இருந்த மற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கு ஒகையோவிலிருந்து பதில், மாதிரி கேட்டு.

திங்கள் முதல் எட்டுத் தறிக்கு இரண்டாவது ஷிப்ட். அந்த நோட்டீசையும் நான்தான் அடித்தேன். ஒரு தப்பும் விழவில்லை.

முதலாளி வாசித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு நான் கேட்டேன்னு எழுது" என்றார். என்ன கேட்டார் என்று எழுத? நானும் கேட்கவில்லை. "முதலாளியும் வருத்தம் தெரிவிக்கிறார்" என்று எழுதினேன்.

டிசம்பர் 6, திங்கள்

தூத்துக்குடிக்கு இரண்டாவது லோடு போனது.

கேரலிடமிருந்து கடிதம். குதிரைச் சொல்லுக்குப் புதிதாக ஒரு பெரிய கடை வந்து 9 சென்ட் கேட்கிறதாம். இவள் 10 கேட்டாளாம், அவன் 15க்குப் போய்விட்டானாம். "என் பத்து டாலரை எந்தச் சொல்லில் போடட்டும்? நீ சொல்" என்று கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் தங்கபாய் அக்கா கடைக்குப் போனேன். அவனைத் துரத்த வேண்டாம், 3 சென்ட்டில் கீழே நில், 'ஆறு அங்குலப் பருத்தி' என்று சேர்த்துத் தேடுகிறவன்தான் வாங்குகிறவன், உன் பக்கத்தில் அகலத்தை முதல் வரியில் போடு என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டே உட்கார்ந்தேன். அக்கா லைன் போட்டுவிட்டு, "யாருக்குட்டி, வாரத்துக்கு ரெண்டு கடுதாசி?" என்றாள்.

"கூட்டாளிக்கு" என்றேன்.