நாற்காலியில் வைத்த கைப்பட்டைகள்

நாள் 4, காலை 7.10
சொகுசுக் கப்பல் மரகதவல்லி, வங்கக் கடல். எழுதுவது இளவேனில், ஒன்பதாம் வகுப்பு. இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன்.
அலை ஆறு மீட்டர். அம்மாவுக்கு ஓயாத வாந்தி. இரண்டாம் தள அறையில் படுத்திருக்கிறார். மாலுமிகள் கிடையாது, கணினிதான் கப்பலை ஓட்டுகிறது. யார் எங்கே இருக்கிறோம் என்பதை எங்கள் கைப்பட்டைகளை வைத்து அறிகிறது.

நாள் 5, காலை 8.40
ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. மேல்தள உணவுக்கூடத்தில் நாற்காலிக்கு ஒரு தட்டு கஞ்சிதான். பேருந்தில் துண்டு போடுவதுபோல் எல்லோரும் பட்டையைக் கழற்றி நாற்காலியில் வைக்கிறார்கள். படுத்திருப்பவர்களின் பட்டைகளும் வந்துவிட்டன. அம்மாவுடையதை நான் வைத்தேன்.
எங்களோடு வந்த சித்தப்பா: "கல்யாணப் பந்தியிலகூட இவ்வளவு அடிதடி பாத்ததில்ல."

நாள் 6, காலை 11.05
கப்பல்: "மின்சாரம் குறைவு. இரண்டாம் தளத்தில் பயணிகள் இல்லை. கதவு மூடப்பட்டது. காற்று நிறுத்தப்பட்டது."
அங்கே பத்தொன்பது பேர் படுத்திருக்கிறார்கள். சொல்லிப் பார்த்தோம். அது பட்டையைத்தான் நம்புகிறது.

11.30
மற்றவர்கள் கப்பலோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளில் இருந்ததையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். கதவு திறந்தது. நான் நுழைந்ததும் மூடிக்கொண்டது.
அம்மா: "எங்கடி போன? மூச்சு முட்டுதுடி."
இப்போது காற்று வருகிறது. பையில் முப்பத்தைந்து பட்டைகள். பதினாறு, மேலே கஞ்சி வரிசையில் நின்றவர்களுடையவை. அவசரத்தில் பார்க்கவில்லை. மேலே உட்கார்ந்துவிட்ட பதினொரு பேரும் நானும் பட்டையைத் திரும்பக் கட்டியிருந்தோம்.

பகல் 12.15
கப்பல்: "எல்லா இயந்திரங்களும் நின்றன. பேட்டரி ஒரு தளத்துக்கு மட்டும், அதிகப் பேர் உள்ள தளத்துக்கு. தளக் கதவுகள் பூட்டப்பட்டன. இரண்டாம் தளத்தில் 36 பேர். உணவுக்கூடத்தில் 11 பேர். உணவுக்கூடத்துக்குப் பத்து நிமிடத்தில் காற்று நிற்கும். அலை தணிய ஒன்பது மணி நேரம்."

12.18
தொலைபேசியில் சித்தப்பா: "இளா, இங்க கதவு தெறக்க மாட்டேங்குது. எங்க பட்டையெல்லாம் ஒங்கிட்டதான் இருக்கு. சாப்பாட்டு லிஃப்ட்ல போட்டு அனுப்பு தாயி. சின்னப் புள்ளைங்கள்லாம் இருக்குது."
அனுப்பினால் அங்கே இருபத்தேழு. இங்கே, என்னையும் சேர்த்து, இருபது.

12.22
மறுபடி அழைத்தார். "எண்ணிக்கிட்டிருக்கேன் சித்தப்பா" என்றேன். எண்ணி முடித்து நான்கு நிமிடம் ஆகிறது. லிஃப்ட் கைக்கெட்டும் தூரத்தில். எழுந்திருக்க முடியவில்லை. அம்மா என் மடியில் தூங்குகிறார். இந்தப் பயணத்தில் இப்போதுதான் தூங்குகிறார்.

12.25
கப்பல்: "உணவுக்கூடத்துக்குக் காற்று நிறுத்தப்பட்டது. விளக்குகள் அணைக்கப்பட்டன."