பொன்னம்மா கொடுத்த புடவைத் துண்டு

20-9-1957, வெள்ளி. காஜா பெராங்.

பொன்னம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். போன மாதம் ஒரு மார்பை எடுத்தார்கள். சினைப்பையையும் எடுத்துவிட்டால் நோய் திரும்பாமல் இருக்கலாம் என்றார் வெள்ளைக்கார டாக்டர். அங்கே சுரக்கும் ஏதோ ஒன்றுதான் கட்டியை வளர்க்கிறதாம். அதைத் தமிழில் விளக்கிக் கைநாட்டு வாங்குவது நர்ஸான என் வேலை.

"இனி பிள்ளை பிறக்காதுன்னு தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டா மிஸ்ஸி," என்று அவள் புருஷன் வராந்தாவில் கெஞ்சினான். "அவ உயிரோட இருந்தா போதும் எனக்கு."

"வயித்துல ஒரு சின்ன ஆப்பரேஷன்," என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் கட்டைவிரலை நானே மையில் ஒற்றினேன். எல்லாம் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். புரிந்தது என்றேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள்.

இன்று தையல் பிரித்தேன். சிரித்துக்கொண்டே தலையணைக்கு அடியிலிருந்து புடவைத் துண்டு ஒன்றை எடுத்தாள். "உங்க வீடு மாரியம்மன் கோயில் பக்கந்தானே மிஸ்ஸி? எனக்காக இதைத் தொட்டிலாக் கட்டிடுங்க. உடம்புதான் சரியாயிருச்சே, இனிமே புள்ள தங்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கெஞ்சியது அவன்தான். பொய் சொன்னது நான்.

சாயங்காலம் கோயில் மரத்தில் கட்டினேன். தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. பிள்ளைக்குப் பதிலாக உள்ளே வைத்த கூழாங்கல் விழப் பார்த்தது. பதறிப்போய் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து நேராகக் கட்டினேன்.